பச்சியப்பன் தாண்ட ஒரு வேகத்தடை

போன கார்த்திகையில் எங்கள் தெருவில் ஒரு கார் போனது. அது போய் வெகுநேரம் கழித்துத்தான் அதன் ஹாரன் சத்தம் வந்தது. யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். ஒருவரும் இல்லை. ஹாரன் மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காரைத் தேடிக்கொண்டு இண்டூர் பக்கம் போனது.

இதை நம்பாதவர்கள் நல்லம்பள்ளி முழுக்க இருக்கிறார்கள். நம்பியவன் எதிர்வீட்டுப் பச்சியப்பன் ஒருவன்தான். நம்பினான் என்றுகூடச் சொல்ல முடியாது. "ஆமா பாயி, எங்கூட்டு ஆடுகூட அந்த ஹாரனப் பாத்து எந்திரிச்சு நின்னுச்சு" என்றான். வயதான காலத்தில் ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் பெயர் முனாப். தொப்பூரில் ரோட்டோரமாக உட்கார்ந்து லாரிகளுக்கு சீட் தைத்துப் பிழைத்தவன். மனைவி குல்ஷன் போய்ச் சேர்ந்த பிறகு தையல் மிஷினை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். மகள் ஷாஜியா பெங்களூரில். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்ட்டீங்களா அத்தா?" என்பாள். "சாப்ட்டம்மா" என்பேன். பிறகு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வைக்கட்டும் என்று காத்திருப்போம்.

பச்சியப்பனுக்கும் அதே கதைதான். மனைவி இல்லை. மகன் அறிவழகன் ஓசூரில் கம்பெனி வேலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வீடும் ஒரு ஆடும் மட்டும். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம், நான், எல்லாம் இந்தப் பக்கம். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும், மூட்டுதான் மடங்காது. எனக்குக் கால் நன்றாக இருக்கிறது, கண்தான் புகை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும். ஆனால் சேர்வதற்கு ரோட்டைத் தாண்ட வேண்டும்.

முன்பெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை. அப்போது எங்கள் ரோடு ரோடாகவே இல்லை. பள்ளத்தில் இறங்கிய பஸ் மேலே ஏறி வருவதற்குள் கண்டக்டருக்கு முடி நரைத்துவிடும். ஐப்பசி மழையில் நான் நடு ரோட்டில் கெண்டை பிடித்திருக்கிறேன். பச்சியப்பன் சாயங்காலமானால் கம்பை ஊன்றி, பள்ளத்துக்குப் பள்ளம் சுற்றிக்கொண்டு வருவான். எதிரே வரும் லாரிக்காரன் நிறுத்தி, "பெரியவரே, மொதல்ல நீங்க போங்க" என்பான். டீக்கடையில் டீ வாங்கி என் வாசலில் வைத்துக் குடிப்போம். நான் புளுகுவேன். அவன் அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுப்பான்.

அந்த ரோட்டை நல்லதாகப் போட்டுத் தரச்சொல்லி மனு கொடுத்ததில் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது பச்சியப்பனுடையது.

போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் என்றால், கண்ணாடி மாதிரி. முதல் நாள் நாங்கள் இருவரும் நடு ரோட்டில் நின்று முகம் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் நாள் நிற்க முடியவில்லை. போனுக்குள் இருந்து வழி சொல்லும் அந்தப் பெண் எங்கள் ரோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி படுத்தால் போதும், அவள் எல்லோரிடமும் எங்கள் தெருவைக் காட்டிக் கொடுத்துவிடுவாள். லாரி படுக்காத நாளிலும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வண்டிக் காற்று என் வீட்டு நாள்காட்டியில் தாளைத் தானே கிழிக்க ஆரம்பித்தது. தெருவில் எல்லோருக்கும் மார்கழி நடந்தபோது என் வீட்டில் சித்திரைக் கத்திரி வெயில். கதவும் அடிக்கடி தட்டும். "வாங்க, தொறந்துதான் இருக்கு" என்பேன். காற்று உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் போகும்.

பச்சியப்பன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். காலையில் அவன் கை தூக்குவான். நான் பார்ப்பதற்குள் நடுவே ஒரு கார். நான் கை தூக்கும்போது அவனுக்கு முன்னால் ஒரு வேன். பேசுவதும் அப்படித்தான். ஐப்பசியில் அவன் ஆரம்பித்த ஒரு வாக்கியம் கார்த்திகையில்தான் என்னிடம் முடிந்தது. அதுவும், "பாயி, டீ ஆறிடப்போவுது" என்கிற வாக்கியம்.

விஷயம் முற்றியது கார்த்திகை தீபத்துக்கு. அறிவழகன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். அவன் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிவந்த பச்சியப்பன், எனக்கு டீ வாங்கிக்கொண்டு ரோட்டோரமாக வந்தான். ஒரு கார் உரசுகிற மாதிரி போனது. டம்ளர் அவன் கையில்தான் இருந்தது. டீ மட்டும் சேலத்துக்குப் போய்விட்டது.

நான் சிரித்தேன். பச்சியப்பனும் சிரித்தான். அறிவழகன் சிரிக்கவில்லை. ஓடிவந்து அப்பனின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"ப்பா, போதும். வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு."

"ஓசூர்ல நான் இன்னாடா பண்ணுவன்? அங்க மூணாவது மாடி."

"அங்க லிஃப்ட் இருக்குது."

"லிஃப்ட்டு எங்கிட்டப் பேசுமா?"

அறிவழகன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

நான், "இங்க ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டா உங்கப்பன் இங்கயே இருக்கலாமில்ல?" என்றேன்.

அவன் யோசித்தான். நல்ல பையன். "மாசி பொறக்கற வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள போட்டாங்கன்னா இருக்கட்டும். இல்லனா கூட்டினு போயிருவன். அப்புறம் நீங்க குறுக்க நிக்கக்கூடாது, மாமா."

"நிக்கமாட்டன்" என்றேன். எங்கள் ரோட்டில் எதற்கும் குறுக்கே நிற்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

முதலில் நானே ஒரு வழி பார்த்தேன். மிச்சம் இருந்த சிவப்பு ரெக்சினில், லாரி சீட்டுக்குத் தைக்கிற பூத்தையலைக் கையாலேயே போட்டு, ஒரு போர்டு தைத்தேன். 'மெதுவாகப் போங்கள், ஒரு ஆள் தாண்ட வேண்டும்' என்று எழுதிக் கம்பத்தில் கட்டினேன். "படிச்சு முடிக்கறதுக்குள்ள இண்டூர் போயிடறாங்களே" என்றான் பச்சியப்பன். மறுநாள் போர்டும் போய்விட்டது. ஒரு லாரிக் காற்று தூக்கிக்கொண்டு போய், இண்டூரில் ஒரு கறிக்கடைக்குக் கூரையாகப் போட்டிருந்தது. மழைக்கு ஒழுகவில்லையாம். நம் தையல்.

பிறகுதான் மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்பார்கள். எழுத உட்கார்ந்தேன். பச்சியப்பன் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

"பாயி! நெசத்த மட்டும் எழுது!"

நிஜத்தை மட்டும் எழுதினால் 'ஒரு கிழவன் ரோட்டைத் தாண்ட வேண்டும்' என்று ஒரு வரிதான் வரும். ஒரு வரி மனுவை யார் படிப்பார்கள்? அதனால் கொஞ்சம் கூடவே எழுதினேன். எங்கள் தெருவில் ஒரு கோழி காரிடமிருந்து தப்பித்துவிட்டது என்றும், ஆனால் கோழியின் நிழலைக் கார் கொண்டுபோய்விட்டது என்றும், நிழல் இல்லாத கோழியைச் சந்தையில் யாரும் வாங்க மறுக்கிறார்கள் என்றும் எழுதினேன். ஹாரன் விஷயம், நாள்காட்டி விஷயம் எல்லாம் சேர்த்தேன். கடைசியில், இடம் இருந்ததால், அந்த ஒரு வரியையும் எழுதினேன்.

மார்கழி போனது. ஒருவரும் வரவில்லை. பொங்கலுக்கு வந்த அறிவழகன் ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிவிட்டுப் போனான்.

தை பாதியில் தர்மன் கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டிருந்தான். தர்மன் எங்கள் தெருக் கோடியில் குத்தகைக்குப் பயிர் வைப்பவன். எங்கள் பக்கம் கொள்ளை யாரும் இப்போது களத்தில் அடிப்பதில்லை. ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வண்டிகள் மிதித்து உதிர்த்துவிடும். கூலி இல்லாத வேலையாட்கள். அவன் டிராக்டரில் செடியை ஏற்றிக்கொண்டு இடம் தேடி வந்தபோது நான் நடுவில் போய் நின்றேன்.

"இங்க போடு தர்மா. எங்கூட்டு வாசல்ல."

"இங்கயா? வண்டிக்காரனுங்க திட்டுவானுங்களே பாய்."

"என்னத்தான திட்டுவானுங்க? திட்டறதுக்காச்சும் ஒருத்தன் வண்டிய நிறுத்தட்டும்."

பரப்பினான். முழங்கால் உயரத்துக்கு, என் வாசலிலிருந்து பச்சியப்பன் வாசல் வரை. அடுத்து வந்த கார் தூரத்திலேயே பார்த்தது, மூச்சு வாங்கியது, கர்ப்பிணிப் பெண் மாதிரி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. பின்னால் வந்த பஸ், லாரி, வேன், எல்லாம் அப்படியே. ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி என்னைத் திட்டினான். நீளமான, தெளிவான திட்டு. வெகுகாலம் கழித்து ஒரு முழு வாக்கியம் கேட்டேன். அவனுக்கு சலாம் வைத்தேன்.

அந்தப் பக்கம் பச்சியப்பன் கம்போடு எழுந்து நின்றான். ரோட்டைப் பார்த்தான். செடி மேல் காலை வைத்தான். கல்யாண வீட்டுக் கம்பளத்தில் நடப்பவன் மாதிரி, ஒரு காரைக் கையமர்த்தி நிற்கவைத்துவிட்டு, தாண்டி வந்தான்.

"பாயி, டீ சொல்லு" என்றான். "கார்த்திகையில ஆறிப்போனதுக்கும் சேத்து."

அதற்குப் பிறகு அந்த வாரம் எங்களுக்குத்தான். தர்மன் காலையில் செடி போடுவான். நாங்கள் ஆளுக்கொரு கவைக்கோலை வைத்துக்கொண்டு செடியைப் புரட்டிவிடுவதாகப் பேர் பண்ணுவோம். பச்சியப்பன் வண்டி நம்பரைப் பார்த்துச் சொல்வான், அதில் போகிறவன் எதற்குப் போகிறான் என்று நான் சொல்வேன். ஒரு கர்நாடகா வண்டிக்காரன் தன் மாமியாரை டிக்கியில் மறந்து வைத்துவிட்டுப் போனதை எல்லாம் நாங்கள் அப்போதுதான் கண்டுபிடித்தோம்.

அப்படி ஒரு காலையில்தான் ஜீப் வந்தது. அதுவும் மெதுவாகத்தான் வந்தது. செடிக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கினாள். ரோட்டு ஆபீஸ் இன்ஜினீயர், பூவிழி என்று பேர் சொன்னாள்.

"இங்க முனாப்ங்கறது யாருங்க?"

"நான்தாம்மா."

"கோழி நெழலு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உங்க மனுவப் படிச்சு ஆபீசே சிரிச்சோம் தாத்தா. அதனாலதான் நானே நேர்ல வந்தன். எங்க, அந்த வேகமாப் போற வண்டிங்க?"

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு கார்கள், குர்பானிக்குப் போகிற ஆடுகள் மாதிரி. அதன் பின்னால் ஒரு பையன் பைக்கைக் கால் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான்.

கவைக்கோலால் செடியைக் காட்டினேன்.

"அம்மா, அது கொள்ளுனால" என்றேன்.

"கொள்ளு ரோட்ல போடக்கூடாது தாத்தா. டூவீலர் வழுக்கும். கார் அடியில சுத்திக்கும்."

"எடுத்துடறம்மா. இப்பவே எடுத்துடறம். எடுத்ததும் பாருங்க. பச்சி, புடி!"

நானும் பச்சியப்பனும் கவைக்கோலால் செடியை இழுக்க ஆரம்பித்தோம். அவனுக்குக் குனிய முடியாது. எனக்கு எங்கே செடி, எங்கே தார் என்று தெரியாது. நடு ரோட்டில் இரண்டு கிழவர்கள் தடுமாறுவதைப் பார்த்து, வருகிற வண்டியெல்லாம் இன்னும் தள்ளியே நின்றுகொண்டது. ஒருவன் இறங்கி வந்து பச்சியப்பன் கையைப் பிடித்து ஓரத்தில் விட்டான். இப்படி மரியாதை தெரிந்த ஜனத்தை என் வாழ்நாளில் அந்த ரோட்டில் நான் பார்த்ததில்லை.

அதற்குள் தர்மன் கோடியிலிருந்து ஓடிவந்தான். "ஏம் பாய்! பாதிதான் உதுந்துருக்குது, அதுக்குள்ள எதுக்கு வாரறீங்க?" என்று, நாங்கள் இழுத்ததையெல்லாம் மறுபடியும் ரோட்டில் தள்ளினான்.

பூவிழி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். போனில் படம் எடுத்தாள். அவளுக்கு வேறு இடம் போக வேண்டியிருந்தது. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான்.

நான் அவள் பக்கத்தில் போனேன். "அம்மா, மனுவுல எல்லாம் புளுகு. கோழி, ஹாரன், காலண்டர், எல்லாம். ஒரு வரிதான் நெசம். அந்தா நிக்கறானே, அவன் தாண்டணும்."

அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். பச்சியப்பனைப் பார்த்தாள். அவன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளுக்குக் கும்பிடு போட்டான்.

"நான் கண்ணால பாக்கறதத்தான தாத்தா எழுத முடியும்" என்றாள். "இத எடுத்துட்டு மறுபடியும் மனு குடுங்க. கண்டிப்பா வர்றன்." வருவாள் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் மாசிக்குள் வருவாள் என்று படவில்லை.

அந்த வார இறுதியில் அறிவழகன் தன் போனுக்கு வந்த பதிலை எனக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினான். மனு கொடுக்கும்போது அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். சம்பந்தப்பட்ட சாலையில் வாகனங்கள் கட்டுப்பாடான வேகத்தில் செல்வது கள ஆய்வில் தெரியவந்துள்ளதால் வேகத்தடை தேவை எழவில்லை, மனு முடிக்கப்பட்டது.

"இன்னா மாமா இது?" என்றான்.

"கோழிய அவங்க நம்பிட்டாங்க. நம்மள நம்பல" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றன் மாமா" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போய் மனு கொடுத்தேன். இந்தத் தடவை ஒரே வரி. வாங்கியவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதாங்க" என்றேன்.

தர்மனுக்குக் கொள்ளு அடித்து முடிந்துவிட்டது. ரோடு மறுபடியும் கண்ணாடி ஆனது. பச்சியப்பன் அந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஆட்டை விற்றுவிட்டான். வாங்கியவன் ஓட்டிப்போகும்போது அது ரோட்டைத் தாண்ட மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. பச்சியப்பனுக்கு ஆட்டைப் பார்த்துத்தான் கண் கலங்கியது என்று சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை நான் தர்மன் வீட்டுக்குப் போனேன்.

"மிச்சம் மீதி செடி ஏதாச்சும் இருக்குதா?"

"நம்முளுது முடிஞ்சுது. மேக்காலக் காட்டுக்காரன் மாதுவோடது இருக்குது. ஏன் பாய்?"

"அவனுதையும் கொண்டா. மாட்டுக்குப் போடற பொட்டு, சக்கை, இன்னா கெடக்குதோ எல்லாத்தையும் கொண்டா. நாளைக்குக் காலையில பரப்பணும்."

"இன்ஜினீயரம்மா மறுக்கா வராங்களா?"

"இல்ல. இன்னொரு வண்டி வருது."

ஞாயிற்றுக்கிழமை பரப்பினோம். வழக்கமாக என் வாசலிலிருந்து பச்சியப்பன் வாசல் வரைக்கும்தான். அன்றைக்கு அவன் வாசலிலிருந்து டீக்கடை தாண்டி, ரேஷன் கடை தாண்டி, பஸ் நிற்கும் இடம் தாண்டி, திருப்பம் வரைக்கும். நல்லம்பள்ளி தாலுக்காவில் அத்தனை கொள்ளு விளைந்ததே இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னதாகக் கேள்வி.

அறிவழகன் அப்பனை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து நின்றான்.

"மாமா, இன்னா இது இவ்ளோ நீளத்துக்கு?"

"கொள்ளுப்பா. உதுரணும்ல? நீ வண்டிய எடு. மெதுவா எடு, அடியில சுத்திக்கும்."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நல்ல பையன் என்று முன்பே சொன்னேன். முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் நகர்த்தினான்.

பச்சியப்பன் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினான். நான் பிடித்துக்கொண்டேன். கார் நடந்தது. நானும் கூடவே நடந்தேன். எனக்குப் பாதை தெரியாது. அவன்தான், "இந்தப் பக்கம் வா, கல்லு இருக்குது" என்று பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"பாயி, என் டம்ளரு உங்கூட்டுலதான் இருக்குது."

"இருக்கட்டும்."

"கழுவி வையி. நீ கழுவமாட்ட."

"ஓசூர்ல லிஃப்ட்டு பேசுச்சுன்னா சொல்லு."

"இன்னா பேசும்?"

"மேல கீழனு பேசும். நம்ம எம்எல்ஏ மாதிரி."

அவன் சிரித்தான். கை என் கைக்குள் குலுங்கியது. பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. அறிவழகன் கண்ணாடியில் அவற்றைப் பார்த்தான், திரும்பவில்லை. டீக்கடைக்காரன் வெளியே வந்து நின்றான். அத்தனை கார், அத்தனை வேன், பெங்களூர் போகிற சொகுசு பஸ் ஒன்று, எல்லாம் கண் தெரியாத ஒரு கிழவன் நடக்கிற வேகத்தில் எங்கள் தெருவில் போயின.

திருப்பத்தில் செடி தீர்ந்தது.

கையை நான்தான் முதலில் விட்டேன் என்று பச்சியப்பன் ஓசூரில் சொல்லிக்கொண்டிருப்பான். நம்பாதீர்கள். அந்த ஆள் என்னிடம் பழகிப் புளுகக் கற்றுக்கொண்டவன்.

நான் திரும்பி வரும்போது வண்டிகள் தங்கள் வேகத்துக்கு வந்துவிட்டிருந்தன. மீதிச் செடியை அவை பறக்கவிட்டுக்கொண்டு போயின. தர்மன் ஓரமாகக் குனிந்து கொள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டான்.

"பாத்தீங்களா பாய், ஒண்ணுகூட ஒடையல. எல்லாம் முழுசு. அந்தக் கார் மெதுவாப் போச்சுல்ல, அதனால."

கண்ணருகே வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிற ஆள் இல்லை. முழுசு என்று அவன் சொன்னதை நம்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கழுவ வீட்டுக்குள் போனேன்.